வாத்துக்கு ஒதுங்காத கேப்டன்

“புயலுக்குத் திருப்பினதில்ல, போலீஸுக்குத் திருப்பினதில்ல. இருபத்தாறு வருஷமா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி போயிட்டு வரேன். வானத்துல இருந்து எவன் குதிச்சாலும் சரி, அவனுக்காக என் படகை ஒரு முழம் திருப்ப மாட்டேன்.”

இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க பிரகடனத்தைக் கேப்டன் வெளியிட்டது படகுத்துறை டீக்கடையின் கால் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் அலுவலகக் கடிதமுமாக. கூடியிருந்தவர்கள் பதினேழு பேர். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுகிறவர் மறுநாள் காலை அக்கரைக்கு நீந்தித்தான் போகவேண்டியிருக்கும் என்பது பதினேழு பேருக்கும் தெரியும்.

கேப்டன் என்ற பட்டத்தை அரசாங்கம் அவருக்குக் கொடுக்கவில்லை. உரிமத்தில் ‘இயக்குபவர், பயணிகள் படகு எண் நான்கு’ என்றுதான் இருக்கும். ஒரு பெண்பிள்ளை படகு ஓட்டுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்த யாரோ ஒரு புண்ணியவான் முதல் வாரத்தில் “வாங்க கேப்டன்” என்று கிண்டலாகக் கூப்பிட்டார். “வரேன், தள்ளி நில்லு” என்று இவர் பதில் சொன்னார். அன்றோடு கிண்டல் போய்விட்டது, கேப்டன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழாமலிருக்க அதன் காதில் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்த நூலை இறுக்கினார் என்றால் யாருக்கோ கேடுகாலம் என்று அர்த்தம். கணவருக்கு எஞ்சின் அறை. இருபத்தாறு வருடச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியை மனைவிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். எஞ்சின் கொட்டகைக்கு மேலேயே இரண்டு அறை வீடு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ஏரி. எண்ணெய் வாடை சோற்றில் ஏறியிருக்கிறதா, சோற்று வாடை எஞ்சினில் ஏறியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குடும்பம்.

அக்கரைக்குப் பதினொரு நிமிடம். சாக்குத் தொழிற்சாலைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் முறை மாற்றும் நர்சுகள், இரண்டு வாத்தியார்கள், முப்பது முப்பதாக அடுக்கிய அட்டைகளோடு முட்டைக்காரர். கேப்டனின் தொழில் சுத்தத்துக்கு முட்டைக்காரரே அத்தாட்சி. “பதினெட்டு வருஷத்துல ஒரு முட்டை உடைஞ்சதில்ல” என்பார். “உடைஞ்சா நீ என்னை விட்டிருப்பியா?” என்பார் கேப்டன். சாலை வழியாக ஏரியைச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த உலகத்தில்தான் கடல் விமானம் வந்தது.

பெயரிலேயே அநியாயம் ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து கடலுக்குப் போகப் பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்காரவேண்டும். கடலே பார்க்காத ஏரிக்குக் கடல் விமானம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான மிதவைகளை மாட்டிக்கொண்டு, தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலேயே ஏறிப் பறக்கும். ஊர்க்காரர்கள் முதல் நாளே அதற்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீர்ப் போக்குவரத்து அலுவலகத்தைத் தவிர எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அலுவலகத்து உதவியாளரும் மேலதிகாரி இல்லாதபோது அப்படித்தான் சொன்னார்.

வாத்து சோதனைக்கு வந்த முதல் வாரத்திலேயே கேப்டன் கொதித்துப்போனார். ஏரி எவ்வளவு பெரியது! கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர். அவ்வளவு இடத்தையும் விட்டுவிட்டு, அந்த வாத்து தினமும் அவருடைய படகுக்குப் பின்னாலேயே, அது கிழித்துவிட்டுப் போன தடத்தை ஒட்டியே வந்து இறங்கியது. முதல் நாள் தற்செயல் என்றார்கள். இரண்டாம் நாளும் தற்செயல் என்றார்கள். மூன்றாம் நாள் கேப்டன் கண்ணாடி நூலை இறுக்கிக்கொண்டு வாத்து கட்டியிருந்த துறைக்கே போய்விட்டார்.

விமானி மிதவையின் மேல் குந்தியிருந்தார். மூடியைத் திறந்து, கைப்பம்பை உள்ளே விட்டு, கசிந்திருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏன் தம்பி, இவ்வளவு பெரிய ஏரியில உனக்கு என் வாலுதான் கிடைச்சுதா?”

விமானி எழுந்து நின்றார். “மன்னிச்சுக்குங்க அக்கா. காலையில காத்தே இல்ல. தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. மேலிருந்து பார்த்தா உள்ள ஒரு வானம், வெளிய ஒரு வானம். அம்பது அடியில இருக்கேனா, அஞ்சடியில இருக்கேனான்னு கண்ணு சொல்லாது. இன்னும் உயரம் இருக்குன்னு நினைச்சு மூக்கைக் குத்தினேன்னா அதோட கதை முடிஞ்சுது. உங்க படகு போன இடத்துல சின்னச் சின்ன அலை இருக்கும். அதைப் பார்த்தா தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும்.”

“உயரம் காட்டுற மீட்டர் எதுவும் கொடுக்கலையா உனக்கு?”

“கொடுத்திருக்காங்க. கடைசி இருபது அடிக்கு அதை நம்பினா மோசம்.”

“அப்ப பூ மாதிரி மெதுவா இறங்கேன்.”

“இறங்கலாம். அதுக்கு நீளமா இடம் வேணும். அந்தப் பக்கம் குன்று நிக்குது. குன்றைத் தாண்டி இறங்க ஆரம்பிச்சா மிச்சமிருக்கிற தூரம் பத்தாது.”

“அதாவது நான் உழுது வச்ச இடத்துல நீ வந்து விதைக்கிற.”

“அப்படியே வச்சுக்குங்க அக்கா. உங்களுக்குக் கோடி புண்ணியம்.”

இந்த விளக்கத்தைக் கேட்டுக் கேப்டனின் கோபம் தணிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தைப் பொத்தென்று வைத்தார். “என் படகு, என் எண்ணெய், என் அலை. என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்காம எடுத்துக்கிட்டான். அதுவும் போகட்டும், அக்கா அக்கான்னு மரியாதையா வேற பேசுறான். மரியாதையா பேசுறவன்கிட்ட மனுஷி எப்படிங்க சண்டை போடுறது?”

“என்ன?” என்றார் கணவர்.

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

விமானியோடு சண்டை போட முடியாததால் கேப்டன் அலுவலகத்தோடு போட்டார். உரிமப் பரீட்சைக்குப் படித்த பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். தண்ணீரில் இறங்கிய விமானமும் ஒரு படகு மாதிரிதான், மற்றப் படகுகளுக்கு அதுதான் ஒதுங்கிப் போகவேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. பக்க எண்ணோடு மனு எழுதினார். நீர்ப் போக்குவரத்து அலுவலகம் இருபது நாளில் பதில் அனுப்பியது: மனுதாரர் சொல்வது சரியே, ஆனால் சொல்லப்பட்ட விமானம் இறங்கும்வரை வானத்தில் இருக்கிறது, வானம் இவ்வலுவலகத்தின் எல்லைக்குள் வராது. வான் அலுவலகத்துக்கு எழுதினார். விமானம் தண்ணீரைத் தொட்டுவிட்டால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அவர்களும் மரியாதையாகவே எழுதினார்கள்.

கேப்டன் மூன்றாவதாக ஒரே வரியில் ஒரு மனு எழுதினார்: ‘தொடுகிற அந்த ஒரு நொடி யாருடையது?’

அந்த நொடியைத் தேடி ஒரு கோப்பு இன்னும் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பதிலாக வந்ததுதான் டீக்கடையில் அவர் கையில் இருந்த கடிதம். படகுகளால் விமானத்துக்கு ஆபத்து என்று ‘படித்தவர்கள்’ முடிவு செய்திருந்தார்கள். ஏரியின் நடுவே ஆரஞ்சு மிதவைகள் போட்டு நீளமாக ஒரு பாதை குறிக்கப்படும். அது கேப்டனின் பாதையைக் கறிகாய் நறுக்குவதுபோல் நடுவில் நறுக்கிவிடும். திறப்பு விழா அன்று ஏரியில் ஒரு படகுகூட இருக்கக் கூடாது. அன்று விமானம் சிக்கலில்லாமல் இறங்கினால், ‘படகில்லா ஏரி’ திட்டம் நிரந்தரமாகும். பயணிகள் படகு எண் நான்கின் உரிமம் அந்த மாதத்தோடு முடியும். இறங்க முடியாமல் போனால் திட்டம் கைவிடப்படும்; படகு பழையபடி ஓடலாம்.

ஆகக் கேப்டன் தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யவேண்டிய காரியம் மிகச் சுலபமானது. திறப்பு விழா அன்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்தே இராத ஒரே காரியம் அதுதான்.

எரிகிற தீயில் எண்ணெயாக இன்னொன்றும் நடந்தது. முதல் பயணத்தில் ‘சாதாரணக் குடிமகன்’ ஒருவரையும் ஏற்றவேண்டும் என்று அலுவலகத்துக்குத் தோன்றியது. சாதாரணத்தில் சாதாரணமாகத் தேடி முட்டைக்காரரைப் பிடித்தார்கள். வாத்து புறப்படுகிற ஊருக்கு முதல் நாளே அலுவலக வண்டியில் கூட்டிப்போகப் போகிறார்கள். சலவைச் சட்டையோடு அவர் சொல்லிக்கொள்ள வந்தார்.

“கேப்டன், கோவிச்சுக்காதீங்க. ஓசியில கூப்பிட்டாங்க.”

“போய்யா, போ. பதினெட்டு வருஷம் முட்டையைக் காப்பாத்திக் கொடுத்தேன் பாரு. ஆகாயத்துல இருந்து ஏரியைப் பாரு, அழகா இருக்கும். திரும்பி வந்ததும் பஸ்ஸுல முட்டையை வச்சுக்கிட்டு ஊரைச் சுத்து.”

“ஒரே ஒரு தடவைதான் கேப்டன்.”

“நான் உன்கிட்டப் பேசலை. நான் எஞ்சின்கிட்டப் பேசுறேன்.”

விழா நாள் விடிந்தது. நீர்ப் போக்குவரத்து அலுவலர் செய்திருந்த ஏற்பாடுகளைக் குறை சொல்பவன் வாய் அழுகிப்போகும். மீன்பிடிப் படகுகள், மணல் படகுகள் எல்லாம் கரையேற்றப்பட்டிருந்தன. படித்துறையில் துணி துவைக்கத் தடை. உண்மையான வாத்துகளையும் குச்சியால் விரட்டியிருந்தார்கள். அலுவலகத்தின் ஒரே மீட்புப் படகை நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டி, பலகை அடித்து, சிவப்புக் கம்பளம் விரித்து விருந்தினர் மேடையாக்கியிருந்தார்கள். விருந்தினர் விமானத்தை முகத்துக்கு நேராகப் பார்க்கவேண்டும் என்பதற்காக அந்த மேடையை ஆரஞ்சுப் பாதையின் இந்தக் கோடியிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் குன்று, இந்தப் பக்கம் பெரிய மனிதர்கள். குன்றாவது கொஞ்சம் இடம் விட்டு நின்றிருந்தது.

காற்று துளிக்கூட இல்லை. ஏரியில் ஒரு சுருக்கம் கிடையாது. குன்று தலைகீழாகவும் மேகம் தலைகீழாகவும் தெரிந்தன. அலுவலர் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார்: “பாருங்கள் பெரியோர்களே, கண்ணாடி போன்ற நம் ஏரியை! ஒரு படகு, ஒரு அலை, ஒரு இடைஞ்சல் இல்லை!”

கேப்டனும் கணவரும் துறையில் கட்டிய படகில் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் சொன்னபடி கையைக் கட்டியிருந்தார்.

வாத்து குன்றுக்கு மேலே தோன்றியது. இறங்கி வந்தது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, மேடைக்கு மேலே இரைந்துகொண்டு போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. மறுபடி சுற்றி வந்தது, இறங்கியது, மறுபடி தூக்கிக்கொண்டது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. மூன்றாம் முறை அலுவலர் அறிவித்தார்: “விமானி நம் சிறப்பு விருந்தினருக்கு மும்முறை வலம் வந்து மரியாதை செலுத்துகிறார்!”

“மரியாதையாம்” என்றார் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு. “அந்தப் பிள்ளைக்குத் தண்ணி தெரியலைங்க.”

துறையில் அலுவலக உதவியாளர் வாக்கிடாக்கியோடு நின்றிருந்தார். அதிலிருந்து விமானியின் குரல் கரகரவென்று வந்தது. “சார், ஒரு படகை ஓட விடுங்க. எந்தப் படகா இருந்தாலும் சரி. ஒரே கண்ணாடியா இருக்கு, இறக்க முடியலை.”

உதவியாளர் மேடைக்கு ஓடினார். திரும்பி ஓடி வந்தார். மூச்சு வாங்க வாக்கிடாக்கியில் சொன்னார்: “தண்ணி ரொம்பச் சுத்தமா இருக்குன்னு ஐயா சொல்றார். ஒரு தடையும் இல்லையாம். நீங்க தாராளமா இறங்கலாமாம்.”

“தடை இல்லாததுதான் சார் கஷ்டமே. கடைசி நேரத்துல ரெண்டு பேரைக் கூட ஏத்தச் சொன்னீங்க, பாரத்துக்காக எண்ணெயைக் குறைச்சுட்டோம். திரும்பிப் போக முடியாது. இன்னும் கால் மணி நேரம் சுத்தலாம், அவ்வளவுதான்.”

உதவியாளர் மறுபடி ஓடினார். மறுபடி வந்தார். “பேனர்ல படகில்லா ஏரின்னு போட்டாச்சாம். விருந்தினர் முன்னால படகு விட்டா நல்லா இருக்காதாம்.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருந்தது.

கேப்டனுக்கு வந்த கோபத்தை வகைப்படுத்துவது கஷ்டம். அலுவலர்மேல் வந்தது. கைதட்டுகிற முண்டங்கள்மேல் வந்தது. வீசாத காற்றின்மேல் வந்தது. மீட்புப் படகின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழரசம் குடிக்கிறவர்கள்மேல் வந்தது. ஓசி என்றதும் ஏறிக்கொண்ட முட்டைக்காரர்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. அந்த மனிதர் இப்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருப்பார். இது நான்காவது மரியாதை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருப்பார்.

“எஞ்சினைப் போடுங்க” என்றார் கேப்டன்.

கணவருக்கு முதல் தடவையிலேயே காது கேட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. “சும்மா இருந்தா நாம ஜெயிச்சோம்.”

“தெரியும்.”

“பர்மிட் போயிடும்.”

“அதுவும் தெரியும். போடுங்க.”

அவர் எழுந்து உள்ளே போனார். எஞ்சின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. உதவியாளர் ஓடி வந்தார். தடுக்கப்போகிறார் என்று கேப்டன் கண்ணாடி நூலைத் தொட்டார். உதவியாளர் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, வேறு திசையைப் பார்த்து நின்றுகொண்டார்.

படகு துறையை விட்டு வழக்கம்போல அக்கரையைப் பார்த்து நேராகப் போனது. அப்படியே போயிருக்கலாம். அதுவும் ஒரு தடம்தானே, அதுவும் அலைதானே. யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கேப்டன் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய வழக்கமான கோடு மேடையிலிருந்து இருநூறு அடிதான் தள்ளியிருந்தது. அந்தத் தடத்தை நம்பி இறங்கினால் வாத்து நேராகச் சிறப்பு விருந்தினர் மடியில் போய் உட்காரும். அலை அந்தக் கோடியில், குன்றுப் பக்கமாக, நீளவாக்கில் வேண்டும்.

ஒலிபெருக்கி அலறியது. “படகு எண் நான்கு! படகு எண் நான்கு! உடனே திரும்பவும். இந்த நிமிடத்திலிருந்து உங்கள் உரிமம் ரத்து செய்யப்படுகிறது. சொன்னது கேட்கிறதா? ரத்து! பெரியோர்களே, சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம்.”

கேப்டன் சுக்கானைப் பிடித்துத் திருப்பினார். பழக்கமில்லாத படகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. இன்னும் திருப்பினார். படகு ஆரஞ்சு மிதவைகளுக்கு நடுவே குன்றைப் பார்த்துத் திரும்பி, தலைகீழாகத் தெரிந்த குன்றையும் மேகத்தையும் இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் அலைகள் இரண்டு பக்கமும் விரிந்து, உடைந்து, சிறுத்து, தண்ணீர் மறுபடி தண்ணீராகத் தெரிய ஆரம்பித்தது. மேலே வாத்து ஒரு பெரிய வட்டம் போட்டுக் காத்திருந்தது.

பாதை முடிகிற இடத்தில் கேப்டன் மறுபடி திருப்பினார், இந்தத் தடவை பக்கவாட்டில். கோரைப்புல் ஓரமாகப் படகைக் கொண்டுபோய் மூக்கைப் புல்லில் செருகி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வாத்து குன்றைத் தாண்டி வந்தது. இந்தத் தடவை மூக்கைத் தூக்கவில்லை. மிதவைகள் அலைத்தடத்தை ஒட்டித் தண்ணீரைத் தொட்டன, நீண்ட வெள்ளைக் கோடு கிழித்தன, வேகம் குறைந்து அடங்கின. மேடையில் கைதட்டல் எழுந்தது. படகில்லா ஏரியின் மகத்தான வெற்றி என்று ஒலிபெருக்கி ஏதோ ஆரம்பித்தது. கேப்டன் காதில் அது விழவில்லை. ஜன்னலில் ஒரு சலவைச் சட்டைக் கை ஆடுவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறங்கிய வாத்து திரும்பி, துறையைப் பார்த்து மெல்ல ஊர்ந்து போகத் தொடங்கியது. கணவர் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“கிளம்பலாமா?”

“கொஞ்சம் பொறுங்க” என்றார் கேப்டன். “அது முதல்ல போகட்டும்.”